சிற்றூர் வங்கிகளின் பழைய அமெரிக்க நோட்டுகள்: புதிதாகச் சேகரிக்கத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பென்சில்வேனியாவில் நான் குடியிருக்கும் சிற்றூரின் கடைத்தெருவில், இப்போது பீட்சா கடை நடக்கும் ஒரு கற்கட்டடத்தின் முகப்பில் 'ஃபர்ஸ்ட் நேஷனல் பேங்க்' என்ற எழுத்துகள் இன்னும் அழியாமல் இருக்கின்றன. அந்த வங்கி ஒருகாலத்தில் தன் பெயரையும் ஊர்ப் பெயரையும் தாங்கிய டாலர் நோட்டுகளை வெளியிட்டது என்று தெரியவந்த நாளில், அவற்றில் ஒன்றையாவது வாங்கிவிட வேண்டும் என்ற ஆசை எனக்குப் பிடித்துக்கொண்டது. சரியான முதல் நோட்டு கைக்கு வர ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆயின. அதற்குள் தவறான ஒரு நோட்டுக்கு 85 டாலரும், பழுதுபார்க்கப்பட்ட ஒரு நோட்டுக்கு 650 டாலரும் கொடுத்திருந்தேன். இந்த இரண்டு இழப்புகளுமே ஒரு வாரம் பொறுமையாகப் படித்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடியவை என்பதால், நான் கற்றுக்கொண்டதை வரிசைப்படுத்தி இங்கே எழுதுகிறேன்.

தேசிய வங்கி நோட்டுகள் என்று சேகரிப்பாளர்கள் குறிப்பிடும் இந்தப் பணத்தாள்கள் 1863ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தொடங்கி 1935 வரை வெளியாயின. அமெரிக்க அரசின் கடன்பத்திரங்களைக் கருவூலத்தில் ஈடாக வைத்த வங்கிகளுக்கு அரசே நோட்டுகளை அச்சிட்டுக் கொடுத்தது. பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வங்கிகள் அவற்றை வெளியிட்டன. வரலாற்றில் இந்த அளவு தெரிந்திருந்தால் வாங்குவதற்குப் போதும்.

1. முதலில் வங்கியைத் தேர்ந்தெடுங்கள், பிறகு நோட்டைத் தேடுங்கள்

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் கண்ணுக்கு அழகான நோட்டு எது, மலிவாகக் கிடைப்பது எது என்று பார்த்து வாங்கத் தொடங்குகிறார்கள். இந்தத் துறையில் விலையைத் தீர்மானிப்பது நோட்டின் வயதோ முகமதிப்போ அன்று. எந்த வங்கி வெளியிட்டது என்பதே. 1929ஆம் ஆண்டு வரிசையைச் சேர்ந்த ஒரே மாதிரியான இரண்டு பத்து டாலர் நோட்டுகளில், பெருநகர வங்கியின் நோட்டு நூறு டாலருக்கும் குறைவாகக் கிடைக்கலாம். எண்ணூறு பேர் வாழ்ந்த ஊரின் வங்கி வெளியிட்டது இரண்டாயிரம் டாலருக்கு விலைபோகலாம். படமும் தாளும் மையும் ஒன்றே. கறுப்பு மையில் அச்சிட்ட வங்கிப் பெயர் மட்டுமே வேறு.

ஆகவே ஓர் எல்லையை வகுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வாழும் ஊர், படித்த பல்கலைக்கழகம் இருக்கும் ஊர், முதலில் வேலைக்குச் சேர்ந்த மாவட்டம் என்று உங்களோடு தொடர்புள்ள ஏதாவது ஒன்று இருந்தால், பல ஆண்டுகள் சலிப்பில்லாமல் தேட முடியும். சிற்றூர்களைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு உதவும் ஒரு செய்தி இது: 1900ஆம் ஆண்டின் தங்கத் திட்டச் சட்டம், மூவாயிரம் அல்லது அதற்குக் குறைவான மக்கள்தொகை உள்ள ஊர்களில் 25,000 டாலர் மூலதனத்தோடு தேசிய வங்கி தொடங்க அனுமதித்தது. அதன்பின் வங்கியே இல்லாத ஊர்களிலெல்லாம் வங்கிகள் முளைத்தன. அவற்றில் பல, 1920களின் விவசாய நெருக்கடியிலும் 1930களின் தொடக்கத்திலும் மூடப்பட்டன. குறைந்த காலமே இயங்கி, குறைந்த நோட்டுகளையே வெளியிட்ட இந்த வங்கிகள்தாம் அரிய நோட்டுகளின் ஊற்றுக்கண்.

மாநிலத்தையும் கவனியுங்கள். பென்சில்வேனியாவில் தேசிய வங்கிகள் மிக அதிகம்; பொதுவான நோட்டுகள் எளிதில் கிடைக்கும், அரியவையும் கட்டுப்படியாகும் விலையில் அவ்வப்போது வரும். அலாஸ்கா, ஹவாய், அரிசோனா, நெவாடா போன்ற இடங்களை எல்லையாக வைத்துக்கொண்டால், தொடக்கத்திலேயே ஆயிரக்கணக்கில் செலவழிக்க வேண்டியிருக்கும். முதல் இரண்டு ஆண்டுகளுக்கு அந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது என்பது என் கருத்து.

2. வங்கியின் சார்ட்டர் எண்ணைக் கண்டறியுங்கள்

ஒவ்வொரு தேசிய வங்கிக்கும் உரிமம் வழங்கியபோது அரசு ஓர் எண்ணைக் கொடுத்தது. ஃபிலடெல்ஃபியாவின் ஃபர்ஸ்ட் நேஷனல் பேங்க்குக்குச் சார்ட்டர் எண் 1. எண்கள் பதினான்காயிரத்தைத் தாண்டிச் சென்றன. இந்தத் துறையில் வங்கியின் உண்மையான பெயர் அந்த எண்தான் என்று நினைத்துக்கொள்ளுங்கள். 'ஃபர்ஸ்ட் நேஷனல் பேங்க்' என்ற பெயரில் ஆயிரக்கணக்கான வங்கிகள் இருந்தன; ஸ்பிரிங்ஃபீல்ட், வாஷிங்டன் போன்ற ஊர்ப் பெயர்களும் பல மாநிலங்களில் உண்டு. விற்பவர் தலைப்பில் மாநிலத்தை மாற்றிப் போட்டுவிட்டால் பெயரைக் கொண்டு பிழையைக் கண்டுபிடிப்பது கடினம். எண்ணைக் கொண்டு ஒரு நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம்.

இங்கே ஒரு பொறி உண்டு. ஓர் ஊரில் ஒரே பெயரில் இயங்கிய வங்கி, கலைக்கப்பட்டு மீண்டும் தொடங்கியபோது புதிய எண்ணைப் பெற்றிருக்கலாம். அப்படியானால் பழைய எண்ணில் வந்த நோட்டுகளும் புதிய எண்ணில் வந்தவையும் தனித்தனிக் கணக்கு. ஒன்று மலிவாகவும் மற்றொன்று மிக அரிதாகவும் இருக்கக்கூடும். வங்கி தன் பெயரோடு 'டிரஸ்ட் கம்பெனி' என்று சேர்த்துக்கொண்டிருந்தால் எண் மாறாமலேயே பெயர் மாறியிருக்கும். உங்கள் வங்கிக்கு இவற்றில் எது நடந்தது என்பதை முதல் நாளே குறித்துக்கொள்ளுங்கள்.

எண்ணைக் கண்டறியச் செலவு ஏதும் இல்லை. 1961ஆம் ஆண்டு முதல் இயங்கும் 'சொசைட்டி ஆஃப் பேப்பர் மணி கலெக்டர்ஸ்' என்ற சேகரிப்பாளர் சங்கத்தின் இணையதளத்தில், வங்கிவாரியான வரலாற்றுப் பக்கங்கள் கொண்ட ஒரு விக்கி இருக்கிறது. ஊர்ப் பெயரைக் கொடுத்துத் தேடினால், சார்ட்டர் எண், வங்கி தொடங்கிய நாள், முடிந்த விதம், வெளியிட்ட நோட்டு வகைகள், அதிகாரிகளின் பெயர்கள் ஆகியவை பல வங்கிகளுக்கு அங்கேயே கிடைத்துவிடும்.

3. எத்தனை நோட்டுகள் மிஞ்சியிருக்கின்றன என்று பாருங்கள்

நான் தவறிய முதல் இடம் இது. வங்கி எத்தனை நோட்டுகளை வெளியிட்டது என்பதை மட்டும் பார்த்து, பல்லாயிரம் நோட்டுகள் வந்திருக்கும்போது இது எப்படி அரிதாகும் என்று எண்ணி, ஏலத்தில் வந்த ஒரு நல்ல நோட்டைக் கைவிட்டேன். வெளியான நோட்டுகள் அழுக்காகிக் கிழிந்ததும் கருவூலத்துக்குத் திரும்பி அழிக்கப்பட்டன. எனவே நமக்குத் தேவையான கணக்கு, இன்று எத்தனை இருக்கின்றன என்பதே.

இதற்காகவே சேகரிப்பாளர்கள் பல பத்தாண்டுகளாக ஒரு 'சென்சஸ்' நடத்திவருகிறார்கள். ஏலத்திலோ கண்காட்சியிலோ சேகரிப்பிலோ கண்ணில் பட்ட ஒவ்வொரு தேசிய வங்கி நோட்டின் வரிசை எண்ணும் தரமும் அதில் பதிவாகின்றன. உங்கள் வங்கிக்குப் பெரிய அளவு நோட்டுகள் (1929க்கு முற்பட்டவை) இத்தனை, சிறிய அளவு நோட்டுகள் (1929 வரிசை) இத்தனை என்று எண்ணிக்கை தெரியும். பத்துக்குக் கீழே இருந்தால் அரிது என்று கொள்ளலாம்; மூன்றுக்குக் கீழே என்றால் அடுத்த வாய்ப்புக்குப் பல ஆண்டுகள் காத்திருக்க நேரலாம்.

ஆனால் அந்த எண்ணிக்கையைக் கல்லில் எழுதியதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அது கண்ணில் பட்டவற்றின் கணக்கு மட்டுமே. வங்கித் தலைவரின் பேரப்பிள்ளைகள் ஒரு பழைய பெட்டியைத் திறந்து இருபது நோட்டுகளை ஏலத்துக்கு அனுப்பினால், இரண்டே உண்டு என்று நீங்கள் பெருவிலை கொடுத்த நோட்டு மறுநாளே சாதாரணமாகிவிடும். இரண்டு வரிசை எண்கள் அடுத்தடுத்து இருந்தால், அவை ஒரே கட்டிலிருந்து வந்திருக்கலாம், மற்றவையும் எங்கோ இருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். இந்தக் காரணத்துக்காக, மிக அரிய ஒரே நோட்டில் மொத்தப் பணத்தையும் போட வேண்டாம் என்று சொல்வேன்.

4. நோட்டைப் படிக்கப் பழகுங்கள்

1929க்கு முற்பட்டவை அளவில் பெரியவை. ஏறக்குறைய 189 மில்லிமீட்டர் நீளமும் 79 மில்லிமீட்டர் அகலமும் இருக்கும். 1929 வரிசை நோட்டுகள் இன்றைய டாலர் நோட்டின் அளவே.

தொடங்குவதற்கு ஏற்றவை 1929 வரிசை நோட்டுகள். 5, 10, 20, 50, 100 டாலர் என ஐந்து முகமதிப்புகளில் வந்தன. கருவூல முத்திரையும் வரிசை எண்களும் பழுப்பு நிறத்தில் இருக்கும். இவற்றில் இரண்டு வகை உண்டு. முதல் வகையில் சார்ட்டர் எண் இரு ஓரங்களிலும் கறுப்பு மையில் மட்டும் இருக்கும். வரிசை எண்ணின் முன்னும் பின்னும் ஆங்கில எழுத்து இருக்கும். 1933இல் தொடங்கிய இரண்டாம் வகையில், அந்தக் கறுப்பு எண்களோடு வரிசை எண்களை ஒட்டிப் பழுப்பு நிறத்திலும் சார்ட்டர் எண் அச்சாகியிருக்கும். வரிசை எண்ணின் இறுதியில் எழுத்து இராது. சில வங்கிகள் இரண்டாம் வகையை மிகக் குறைவாகவே வெளியிட்டன. பட்டியல்களில் முதல் வகைப் பத்து டாலர் நோட்டு 1801-1 என்றும், இரண்டாம் வகை 1801-2 என்றும் குறிக்கப்படும். இந்த எண்கள் ஏலப் பக்கங்களில் தேடும்போது பயன்படும்.

பெரிய நோட்டுகளில் அடிக்கடி கண்ணில் படுபவை 1902 வரிசையைச் சேர்ந்தவை. சிவப்பு முத்திரை கொண்டவை அரியவை. நீல முத்திரை கொண்டவற்றில், பின்புறத்தில் '1902' '1908' என்ற ஆண்டுகள் இருப்பவை ஒரு வகை, இல்லாதவை மற்றொரு வகை. ஆண்டுகள் இல்லாதவையே மலிவு. 1882 வரிசையில் 'பிரவுன் பேக்' எனப்படும் வகையின் பின்புறத்தைப் பார்த்தால் விட மனம் வராது: பழுப்பு நிறப் பின்னல் வேலைப்பாட்டின் நடுவே சார்ட்டர் எண் பெரிய பச்சை இலக்கங்களில் நிற்கும்.

கையெழுத்துகளை நிதானமாகப் பாருங்கள். ஒவ்வொரு நோட்டிலும் வங்கியின் தலைவரும் காசாளரும் கையொப்பமிட்டிருப்பார்கள். சிலவற்றில் துணைத்தலைவரோ உதவிக் காசாளரோ இட்டிருப்பார்கள். 1929 வரிசையில் அவை அச்சிடப்பட்டவை. பெரிய நோட்டுகளிலோ பேனாவால் எழுதியவையும் ரப்பர் முத்திரையால் பதித்தவையும் உண்டு. என்னிடம் உள்ள 1902 வரிசை நோட்டில் காசாளரின் பெயர் பேனா மையில் பழுப்பேறி நிற்கிறது. தலைவரின் பெயர் ஊதா நிற ரப்பர் முத்திரை, கடைசி இரண்டு எழுத்துகள் காணாமல் போகும் அளவுக்கு மங்கிவிட்டது. அதே நோட்டின் மேல்விளிம்பு கோணலாக இருப்பதைப் பார்த்து, யாரோ வெட்டிவிட்டார்கள் என்று முதலில் அஞ்சினேன். பெரிய நோட்டுகள் வெட்டப்படாத தாள்களாகவே வங்கிகளுக்கு அனுப்பப்பட்டன. கையொப்பமிட்டபின் வங்கி ஊழியர்களே அவற்றைக் கத்தரித்தார்கள். எனவே கோணலான விளிம்பு இயல்பானது. அச்சுச் சட்டத்துக்குள் வெட்டு நுழைந்திருந்தால் மட்டும் விலை குறையும்.

இனி, நான் 85 டாலர் இழந்த கதை. 1929 வரிசையில், 'நேஷனல் கரன்சி' என்ற அதே தலைப்போடும் அதே பழுப்பு முத்திரையோடும், அமெரிக்க மைய வங்கி அமைப்பைச் சேர்ந்த ஃபெடரல் ரிசர்வ் வங்கிகள் பெயரிலும் நோட்டுகள் வெளியாயின. 1933இன் வங்கி நெருக்கடியில் அவசரமாக அச்சிடப்பட்டவை அவை. பழம்பொருள் சந்தை ஒன்றில் ஃபிலடெல்ஃபியா என்ற சொல்லைப் பார்த்ததும், எங்கள் மாநிலத்தின் தேசிய வங்கி நோட்டு என்று எண்ணி வாங்கிவிட்டேன். வேறுபாடு எளிது. அவற்றில் சார்ட்டர் எண் இராது. அதற்குப் பதில் A முதல் L வரையிலான ஓர் எழுத்து கறுப்பில் இருக்கும். கையொப்பத்தின் கீழே, முன்பே அச்சாகியிருந்த 'தலைவர்' என்ற ஆங்கிலச் சொல்லின் மேல் கறுப்புப் பட்டையிட்டு, 'கவர்னர்' என்று அச்சிட்டிருப்பார்கள். அவையும் சேகரிக்கத் தகுந்தவையே, ஆனால் ஊர் வங்கிகளின் நோட்டுகள் அல்ல. அதேபோல் 1863க்கு முன் மாநில உரிமம் பெற்ற வங்கிகள் தாமே வெளியிட்ட நோட்டுகளும் தனித் துறை. அவற்றுக்குச் சார்ட்டர் எண் கிடையாது.

5. முழுச் செலவையும் கணக்கிட்ட பிறகே விலை கேளுங்கள்

ஏலத்தில் சுத்தியல் விழும் விலை நீங்கள் செலுத்தும் விலை அன்று. பெரிய ஏல நிறுவனங்கள் வாங்குபவரிடம் 20 சதவீதமோ அதற்கு மேலோ தனிக் கட்டணம் வசூலிக்கின்றன. ஓர் எடுத்துக்காட்டு: நோட்டு 400 டாலருக்கு முடிகிறது. 20 சதவீதக் கட்டணம் 80 டாலர். உங்கள் மாநிலத்தில் 6 சதவீத விற்பனை வரி இருந்தால் 480 டாலருக்கு 28.80 டாலர். காப்பீட்டுடன் அனுப்பும் செலவு 20 டாலர் என்று வையுங்கள். மொத்தம் 528.80 டாலர். 530 வரை போகலாம் என்று நினைத்திருந்தால், 400க்கு மேல் கை உயர்த்தக் கூடாது. சில மாநிலங்கள் நாணயங்களுக்கும் பணத்தாள்களுக்கும் வரிவிலக்கு அளிக்கின்றன. உங்கள் மாநிலத்தின் விதி எது என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

நியாயமான விலையை அறியப் பழைய ஏல முடிவுகளைவிடச் சிறந்த வழி இல்லை. டல்லஸில் உள்ள ஹெரிட்டேஜ் நிறுவனத்தின் பழைய ஏலப் பதிவுகளை இலவசமாகப் பதிவுசெய்துகொண்டு பார்க்கலாம். ஸ்டாக்ஸ் போவர்ஸ், லின் நைட் ஆகிய நிறுவனங்களின் ஏலங்களையும் பாருங்கள். உங்கள் சார்ட்டர் எண்ணைக் கொண்டு தேடி, நோட்டு வகை, வரிசை எண், தரம், விலை, நாள் ஆகிய ஐந்தையும் ஓர் அட்டவணையில் எழுதுங்கள். ஒரே நோட்டு சில ஆண்டு இடைவெளியில் இரண்டு மூன்று முறை விற்கப்பட்டிருப்பதை வரிசை எண் காட்டிக்கொடுக்கும். பத்தாண்டுகளுக்கு முன் வந்த விலைதான் இன்றும் வரும் என்று நம்ப வேண்டாம். விலை ஏறிய வங்கிகளும் உண்டு, பாதியாக இறங்கியவையும் உண்டு. விற்பவர்கள் கேட்கும் விலையை இந்த அட்டவணையில் சேர்க்கவே கூடாது. விற்று முடிந்த விலை மட்டுமே விலை.

6. எங்கே வாங்குவது

ஏலம், வியாபாரி, கண்காட்சி, இணையச் சந்தை, உள்ளூர்க் குடும்பங்கள் என ஐந்து வழிகள் இருக்கின்றன. தொடக்கநிலையில் இருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது தேசிய வங்கி நோட்டுகளில் தேர்ந்த வியாபாரிகளையே. உங்களுக்குத் தேவையான வங்கிகளின் சார்ட்டர் எண்களை ஒரு பக்கத்தில் எழுதி, இரண்டு மூன்று வியாபாரிகளிடம் கொடுத்துவையுங்கள். ஏலத்துக்குப் போகும் முன்பே உங்களுக்கு அழைப்பு வரும். ஏலத்தைவிட விலை சற்று அதிகம் போலத் தோன்றினாலும், வாங்குபவர் கட்டணத்தைச் சேர்த்துப் பார்த்தால் பல நேரங்களில் ஒன்றுதான். திருப்பிக் கொடுக்கும் வாய்ப்பும் இருக்கும்.

கண்காட்சிகளில் நோட்டைக் கையில் எடுத்துப் பார்க்கலாம் என்பது பெரிய வசதி. ஃப்ளோரிடாவில் ஜனவரியில் நடக்கும் 'ஃபன்' கண்காட்சியும், கோடையில் அமெரிக்க நாணயவியல் சங்கம் நடத்தும் கண்காட்சியும் பெரியவை. முதல் நாளில் சுற்றிப் பார்த்துக் குறிப்பெடுத்துவிட்டு இரண்டாம் நாளில் வாங்குங்கள். வாங்கும்போது வியாபாரியின் பெயர், நோட்டின் சார்ட்டர் எண், வரிசை எண் மூன்றும் எழுதிய ரசீதைக் கேட்டு வாங்குங்கள்; 'பழைய நோட்டு ஒன்று' என்று எழுதிய ரசீது பின்னால் எதற்கும் உதவாது.

இணையச் சந்தைகளில் நல்ல நோட்டுகள் வராமல் இல்லை. இருபுறப் படங்களும் தெளிவாக இல்லாவிட்டால் கேளுங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள். திருப்பி அனுப்பும் காலக்கெடு எத்தனை நாள் என்பதைப் பணம் கட்டும் முன் படியுங்கள். பாதுகாப்பில்லாத வழிகளில் பணம் கேட்டுத் தள்ளுபடி தருபவர்களைத் தவிருங்கள்.

உள்ளூர்க் குடும்பங்களைத் தேடிச் செல்வது மெதுவான வழி, ஆனாலும் மன நிறைவு தருவது. ஊர் வரலாற்றுச் சங்கத்தில் ஒரு கூட்டத்துக்குப் போய், என்ன தேடுகிறேன் என்று சொன்னேன். ஏழு மாதம் கழித்து, எண்பது வயதைக் கடந்த ஒரு பெண்மணி தன் தந்தை பைபிளுக்குள் வைத்திருந்த ஐந்து டாலர் நோட்டோடு வந்தார். அப்படி வருபவர்களிடம் நோட்டின் உண்மையான மதிப்பைச் சொல்லிவிடுங்கள். அதை மறைத்துக் குறைந்த விலைக்கு வாங்குவதைப் போன்ற இழிவு இந்தத் துறையில் வேறு இல்லை. சிற்றூரில் அது வெளியில் வராமலும் போகாது.

7. கையில் எடுத்ததும் சோதிக்க வேண்டியவை

650 டாலர் கொடுத்து நான் வாங்கிய பெரிய நோட்டு, தரச்சான்று (நோட்டைச் சோதித்துத் தரம் வழங்கும் நிறுவனத்தின் சான்று) பெறாதது. படத்தில் பளிச்சென்று இருந்தது. பின்னர் அதைத் தரச்சான்றுக்கு அனுப்பியபோது, ஓரங்கள் புதிதாகக் கட்டப்பட்டவை, ஊசித்துளைகள் அடைக்கப்பட்டவை என்ற குறிப்போடு திரும்பிவந்தது. அதற்குள் திருப்பி அனுப்பும் காலக்கெடு முடிந்திருந்தது. கீழே உள்ளவற்றைச் செய்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

நோட்டை விளக்கின் எதிரே பிடியுங்கள். உண்மையான ஊசித்துளையில் ஒளி புள்ளியாக ஊடுருவும். அடைக்கப்பட்ட துளை, சுற்றியுள்ள தாளைவிடக் கறுத்துத் தெரியும். பிறகு இருட்டில் புற ஊதா விளக்கைக் காட்டுங்கள். பழைய தாள் மங்கலாகவே இருக்கும். பின்னாளில் ஒட்டிய தாளும் பசையும் பெரும்பாலும் நீலமாக ஒளிரும். பத்து டாலருக்குச் சிறு விளக்கு கிடைக்கிறது. உருப்பெருக்கியால் மடிப்புகளின் மேல் செல்லும் கையெழுத்தைப் பாருங்கள். முதலில் எழுதியதும் பிறகு மடிந்ததும் என்றால், மடிப்பு தேய்ந்த இடத்தில் மையும் தேய்ந்து அறுந்திருக்கும். மங்கிய கையெழுத்தின் மேல் யாராவது மீண்டும் எழுதியிருந்தால், புதிய மை மடிப்பின் பள்ளத்துக்குள் இறங்கிப் பரவியிருக்கும். மிகையாக வெளுத்து, அச்சின் மேடு விரலுக்குத் தட்டாமல் தட்டையாக இருக்கும் நோட்டு, கழுவி அழுத்தப்பட்டதாக இருக்கலாம்.

1929 வரிசையில் வேறொரு மோசடி உண்டு. பொதுவான வங்கியின் பெயரைச் சுரண்டி எடுத்துவிட்டு, அரிய வங்கியின் பெயரை அச்சிடுவார்கள். பெயரைச் சுற்றியுள்ள தாள் மட்டும் மெலிந்தோ நாரெழுந்தோ இருக்கிறதா என்று பாருங்கள். கறுப்பில் உள்ள சார்ட்டர் எண்ணும் வங்கிப் பெயரும் ஊரும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா, கையொப்பமிட்ட இருவரும் அந்த வங்கியில் உண்மையிலேயே அந்தப் பதவியில் இருந்தவர்களா என்பதையும் சரிபாருங்கள்.

8. தரச்சான்று: எப்போது வேண்டும், எப்போது வேண்டாம்

ஃப்ளோரிடாவின் சரசோட்டாவில் உள்ள பி.எம்.ஜி., மற்றும் பி.சி.ஜி.எஸ். பேங்க்நோட் ஆகிய இரண்டு நிறுவனங்களும் நோட்டைச் சோதித்து, 70 வரையிலான அளவுகோலில் தரம் வழங்கி, உறையிலிட்டுத் தருகின்றன. சிற்றூர் நோட்டுகளில் 12 முதல் 30 வரை உள்ளவையே இயல்பாகக் கிடைக்கும். அரிய வங்கிக்கு 15 தரமே நல்ல தரம். 60க்கு மேல்தான் வாங்குவேன் என்று காத்திருந்தால் எதுவும் வாங்க முடியாது.

ஒரு நோட்டுக்கு அஞ்சல், காப்பீடு எல்லாம் சேர்த்து 50 டாலருக்கு மேல் ஆகலாம். திரும்பிவரச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை பிடிக்கும். ஆகவே 150 டாலருக்குக் குறைவான நோட்டை அனுப்புவது வீண்செலவு. 500 டாலரைத் தாண்டினால், சான்று பெற்றதையே வாங்குங்கள் அல்லது சான்றுக்கு உட்பட்டு வாங்குவதாக எழுத்தில் ஒப்புக்கொள்ளச் செய்யுங்கள். நேரடியாக அனுப்பக் கட்டண உறுப்பினராக வேண்டியிருப்பதால், முதல் சில நோட்டுகளை வியாபாரி வழியாக அனுப்புவது மலிவு.

சான்று அட்டையிலும் ஒரு பொறி இருக்கிறது. பழுது பற்றிய குறிப்புகள் பெரும்பாலும் உறையின் பின்புறத்தில்தான் அச்சாகியிருக்கும். விற்பவர் முன்புறப் படத்தை மட்டும் போட்டிருந்தால், பின்புறத்தைக் கேட்டுப் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள். தர எண்ணுக்குப் பின்னால் 'நெட்' என்ற சொல் இருந்தால், குறிப்பிடத்தக்க பழுது உள்ளது என்று பொருள். சான்று எண்ணை அந்தந்த நிறுவனத்தின் இணையதளத்தில் கொடுத்து, அங்கே காட்டும் நோட்டும் கையில் உள்ளதும் ஒன்றா என்று ஒப்பிடுவதும் அவசியம்.

9. ஆவணங்களைச் சேருங்கள்

நோட்டோடு அதன் பின்னணியும் சேர்ந்தால்தான் சேகரிப்பு முழுமை பெறும். விற்கும்போதும் அது துணைநிற்கும். செயின்ட் லூயிஸ் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் 'ஃப்ரேசர்' மின்னூலகத்தில், தேசிய வங்கிகளைக் கண்காணித்த அலுவலகத்தின் பழைய ஆண்டறிக்கைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் எண்ணிமமாக்கிய பழைய செய்தித்தாள்களில் ஊர்ப் பெயரையும் காசாளரின் பெயரையும் கொடுத்துத் தேடினால், வங்கி திறந்த நாளின் செய்தி முதல் மூடிய நாளின் அறிவிப்பு வரை வரும். ஒவ்வொரு நோட்டுக்கும் ஒரு கோப்பு வைத்து, அதில் வாங்கிய ரசீது, இருபுறப் படங்கள், சார்ட்டர் எண், வரிசை எண், முந்தைய ஏல விவரம் ஆகியவற்றைப் போடுங்கள். உங்கள் நோட்டு சென்சஸில் இல்லாவிட்டால் படத்தோடு தெரிவித்துவிடுங்கள்.

10. பாதுகாப்பும் காப்பீடும்

பி.வி.சி. கலந்த மெத்தென்ற பிளாஸ்டிக் உறைகள் காலப்போக்கில் தாளைக் கெடுக்கும்; மைலார் எனப்படும் பாலியெஸ்டர் உறைகளையே பயன்படுத்துங்கள். கிழிசலை ஒட்டும் நாடாவால் ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள், அழுக்கைத் துடைக்காதீர்கள். நிலவறையின் ஈரமும் பரணின் வெப்பமும் ஆகாதவை.

வீட்டுக் காப்பீடு இருக்கிறதே என்று இருந்துவிட வேண்டாம். வழக்கமான வீட்டுக் காப்பீட்டு ஒப்பந்தங்களில் பணம், பணத்தாள், நாணயம் ஆகியவற்றுக்குச் சேர்த்து 200 டாலர் போன்ற சிறு வரம்பே இருக்கும். தனியாகச் சேகரிப்புக் காப்பீடு எடுக்க வேண்டும். வங்கிப் பெட்டகத்தில் வைப்பவற்றுக்கும் அரசின் வைப்புக் காப்பீடு பொருந்தாது. அஞ்சலில் அனுப்பும்போது, மெதுவாகச் சென்றாலும் பதிவு அஞ்சலே பாதுகாப்பானது. அதில் 50,000 டாலர் வரை காப்பீடு செய்யலாம்.

11. விற்க நேர்ந்தால்

ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து இலாபத்தில் விற்றால், சேகரிப்புப் பொருள்களுக்கான மத்திய வரி விகிதம் 28 சதவீதம் வரை போகலாம். பங்குகளுக்கு உள்ள சலுகை விகிதம் இவற்றுக்கு இல்லை. வாங்கிய ரசீதும், ஏலக் கட்டணமும், தரச்சான்றுச் செலவும் கையில் இருந்தால்தான் இலாபத்தைச் சரியாகக் கணக்கிட முடியும். ஏலத்துக்குக் கொடுப்பதானால், பெரிய ஏலங்களுக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே நோட்டு போய்ச் சேர வேண்டும். ஏலம் முடிந்து பணம் வர ஏறக்குறைய ஒன்றரை மாதம் ஆகும். விற்பவருக்கான கழிவு பேச்சுவார்த்தைக்கு உட்பட்டது. அரிய வங்கியின் நோட்டு என்றால் குறைத்துக் கேட்கத் தயங்காதீர்கள்.

வீட்டில் உள்ளவர்களுக்கும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். இந்த நோட்டுகள் இன்றும் செல்லுபடியாகும் பணம் என்பதால், விவரம் அறியாத ஒருவர் பத்து டாலர் நோட்டை வங்கியில் கொடுத்துப் பத்து டாலர் வாங்கிவிட முடியும். எந்த நோட்டு, எவ்வளவுக்கு வாங்கியது, எந்த இரண்டு வியாபாரிகளிடம் விலை கேட்க வேண்டும் என்ற மூன்று விவரங்களும் அந்தத் தாளில் இருக்கட்டும். என் வீட்டில் அது காப்பீட்டு ஒப்பந்தத்தோடு ஒரே உறையில் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் அதைத் திருத்தி, நாளிட்டு வைக்கிறேன்.